சேர்ந்த நேரம்

இந்த ஊர் விமான நிலையத்துக்கும் அந்த ஊர் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு கிலோமீட்டர். இதில் யாருக்கும் சண்டையில்லை. பூமி சுருங்கினால் ஒழிய இது மாறாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள், அங்கேதான் வினை. ஒரு பயணி முக்கால் மணி நேரம் என்பார். அவர் வானத்தில் இருந்ததை மட்டும் எண்ணுகிறார். பக்கத்து இருக்கைக்காரர் அரை நாள் போச்சு என்பார். அவர் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து எண்ணுகிறார். விமானியைக் கேட்டால் காற்றைப் பொறுத்தது என்று நழுவிவிடுவார். எங்கள் கம்பெனியில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் செல்லும். அதை எழுதுகிறவள் நான்.

என் வேலை கால அட்டவணை போடுவது. இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானங்கள் மூன்றை வைத்துக்கொண்டு ஓட்டும் கம்பெனி இது. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். கிளம்பும்போது கட்டையை எடுத்த நிமிஷத்திலிருந்து, போய் நின்று கட்டையை வைத்த நிமிஷம் வரை எவ்வளவோ, அதுதான் பயண நேரம். நடுவில் நீங்கள் தூங்கினீர்களா, வாந்தி எடுத்தீர்களா என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. பத்தொன்பது வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்னை 'முள்' என்று கூப்பிடுகிறார்கள். கேட்டால், கடிகார முள்ளைச் சொல்கிறோம் அக்கா என்று சத்தியம் செய்கிறார்கள். நானும் நம்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் நிலையத்தின் மேலாளர் என் வீட்டுக்காரர். அவரை அங்கே மாற்றி இரண்டரை வருஷம் ஆகிறது. முதல் ஐந்து மாதம் ஒரு தொல்லையும் இல்லை. அப்போது அந்தத் தடத்தில் ஓடும் விமானம் இரவு இங்கேதான் தங்கும். காலை முதல் விமானத்தில் அவர் போவார், சாயங்காலம் கடைசி விமானத்தில் வந்துவிடுவார். ஊரெல்லாம் பஸ்ஸில் ஆபீஸ் போகிறது, இவர் பறந்து போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகுதான், அந்த ஐந்து மாதத்து நேரத் தாள்களைக் கூட்டிப் பார்த்த மேலிடத்திலிருந்து காகிதம் வர ஆரம்பித்தது. அந்த ஊருக்குப் போகிற விமானமெல்லாம் தாமதமாகப் போய்ச் சேருகிறதாம். பயண நேரம் ஒரு மணி ஐந்து நிமிஷம் என்று போட்டிருந்தோம். அங்கிருந்து வருகிற தாள்களில் ஒரு மணி எட்டு, ஒரு மணி பத்து, ஒரு மணி பன்னிரண்டு என்று இருந்தது. எதிர்க்காற்று என்றார்கள். நானும் தலையாட்டி, என் கையாலேயே ஒரு மணி பத்து என்று திருத்தினேன்.

அந்த ஐந்து நிமிஷம் செய்த வேலையைப் பாருங்கள். கடைசி விமானம் இங்கிருந்து மாலை நாலரைக்குக் கிளம்பும். அதை முன்னால் தள்ள முடியாது. நான்கு மணிக்கு வருகிற பெரிய விமானத்து ஆட்கள் இதில் மாறி ஏற வேண்டும். ஒரு மணி பத்து நிமிஷம் என்றால் ஐந்து நாற்பதுக்குப் போய்ச் சேரும். ஆளை இறக்கி ஆளை ஏற்ற இருபத்தைந்து நிமிஷம் கொடுத்தே ஆக வேண்டும், அது விதி. ஆக ஆறு ஐந்துக்குத்தான் திரும்பக் கிளம்பலாம். ஆனால் அந்த ஊர் ஓடுபாதையில் விளக்கு கிடையாது. ஆறு மணிக்குள் கிளம்பவில்லையென்றால் மறுநாள்தான். எனவே விமானம் அங்கேயே இரவு தங்க ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு அங்கிருந்து அதைக் கிளப்ப ஆள் வேண்டுமே, அதனால் அவரும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். சனிக்கிழமை மதியம் வருவார், ஞாயிறு நாலரைக்குப் போய்விடுவார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. இந்த வருஷம் எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. அடுத்த வருஷம் வெளியூருக்குப் படிக்கப் போய்விடுவாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பதற்கு இன்னும் ஒன்பது மாதம்தான் மிச்சம். அது எனக்கு ராத்திரி பகலாக உறைத்துக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை காலை கூட்டத்தில் பொது மேலாளர் ஒரு குண்டைப் போட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள புது அட்டவணை வேணும். அதோட இன்னொண்ணு. அந்த விமானம் அங்கயேதான் தங்குது. பராமரிப்புச் சாமானெல்லாம் எதுக்கு இங்க கிடக்கணும்? அடுத்த மாசம் மொத்தத்தையும் அங்க மாத்திடலாம்."

சாமான் போய்விட்டால் பிறகு விமானம் ஒருநாளும் இரவு தங்க இங்கே திரும்பி வராது. கூட்டம் முடிந்ததும் பராமரிப்பு இன்ஜினியர் என் மேஜைக்கு வந்தார். நல்ல மனுஷர். அவருக்கும் சாமான் மூட்டை கட்ட விருப்பமில்லை.

"அக்கா, அஞ்சே அஞ்சு நிமிஷம். ஒரு மணி பத்தை ஒரு மணி அஞ்சா ஆக்கிடுங்க. யாரு கேக்கப் போறா?"

"நானு கேப்பேன்."

"உங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துடுவாருல்ல?"

"தினமும் அஞ்சு நிமிஷம் லேட்டா வண்டி போச்சுன்னா, ஆறு மணிக்கு அங்க கதவைச் சாத்திடுவாங்க. திரும்பி வர வேண்டிய அறுபது பேரு அங்க மாட்டிக்குவாங்க. என் புருஷன் வீட்டுக்கு வரணும்னு ஊரான் வீட்டு ஆளுங்களைத் தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா?"

"அதுக்கில்லக்கா..."

"அதுக்குத்தான். போய் வேலையைப் பாருங்க."

அவர் போய்விட்டார். அவர் முதுகைப் பார்க்கும்போது எனக்கே பாவமாக இருந்தது. என்ன செய்வது, பத்தொன்பது வருஷத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை. அதே சமயம் மனசுக்குள் ஒரு குரல், ஐந்து நிமிஷம்தானேடி, ஐந்து நிமிஷம்தானே என்று அரித்துக்கொண்டும் இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

பொய் எழுத முடியாது என்றால் உண்மையையாவது நன்றாகத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துத் தாள்களை அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் பரப்பினேன். இங்கிருந்து அங்கே போக ஒரு மணி பத்து. அங்கிருந்து இங்கே வர ஒரு மணி இரண்டு. எட்டு நிமிஷ வித்தியாசம். எதிர்க்காற்று என்றால் சரிதான், போகும்போது பின்னுக்குத் தள்ளும், வரும்போது உதவும். ஆனால் எங்கள் பக்கத்துக் காற்று வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறும். பாதி வருஷம் போகிற விமானத்தைத் தள்ளினால் மீதிப் பாதி வருகிற விமானத்தைத் தள்ள வேண்டும். எந்த மாதத்துத் தாளை எடுத்தாலும் அதே எட்டு நிமிஷம். காற்று மனசு மாறினாலும் இந்த எட்டு நிமிஷம் மாறவில்லை. இதை இரண்டு வருஷமாக எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அடுத்து இன்னொன்று கண்ணில் பட்டது. நீண்ட மழை வாரம் ஒன்றில் ஒன்பதே பேரோடு போன விமானம் ஒரு மணி நான்கு நிமிஷத்தில் போயிருக்கிறது. விடுமுறை நாளில் அறுபத்தாறு பேரோடு போனது ஒரு மணி பன்னிரண்டு. ஆள் குறைந்தால் நேரம் குறைகிறது, ஆள் கூடினால் கூடுகிறது. வருகிற விமானத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

மதியம் கேன்டீனில் கேப்டனைப் பிடித்தேன். அந்தத் தடத்தில் வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டுகிற பெண். சாப்பிடும்போது யார் பேசினாலும் பிடிக்காது அவளுக்கு.

"ஏம்மா, ஆளு கூடுனா வண்டி மெதுவாப் போகுமா?"

"ஏன் அக்கா, நடுவுல நிறுத்தி ஆள் எறக்கி விடுறோம்னு நெனச்சீங்களா?"

"வெளையாடாதே. உண்மையைச் சொல்லு."

"ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் வராது. போறதுக்கும் வர்றதுக்கும் எனக்கு ஒரே நேரம்தான் ஆகுது. என் ஏட்டைப் பாருங்களேன்."

விமானிகள் தாங்களே நேரம் குறிக்கிற ஏடு வேறு பிரிவுக்குப் போகும். எனக்கு வருவது நிலையங்கள் அனுப்புகிற தாள் மட்டும்தான். ஏட்டைக் கேட்டு வாங்க ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலைக்குள் கிடைக்கும் என்றார்கள். ஆனால் அதுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. விமானத்தில் நேரம் தொலையவில்லை என்றால், தரையில்தான் தொலைகிறது. அந்தத் தரை என் வீட்டுக்காரருடையது.

புதன்கிழமை மகளைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு, நாலரை விமானத்தில் கடைசி நிமிஷத்தில் ஏறினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நிலையம் முழுக்கப் பெருக்கித் துடைத்து, எல்லோரையும் நெஞ்சை நிமிர்த்தி நிற்க வைத்துவிடுவார். எனக்கு அது உதவாது. வழக்கமாக என்ன நடக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

நாலரைக்குச் சரியாகக் கட்டையை எடுத்தார்கள். ஐந்து முப்பத்து மூன்றுக்கு அங்கே கட்டை வைத்தார்கள். ஜன்னல் வழியாக என் கண்ணால் பார்த்தேன். ஒரு மணி மூன்று நிமிஷம். கைக்கடிகாரத்தை மூன்று தடவை பார்த்தேன். கட்டைக்காரர் நிதானமாக ஒன்றும் வரவில்லை, ஓடித்தான் வந்தார். அப்படியென்றால் இன்னும் ஏழு நிமிஷம் எங்கே?

எல்லோரும் இறங்கினார்கள். நான் கடைசியாக இறங்கி, உள்ளே போகாமல் சக்கரத்தின் அருகிலேயே நின்றேன். எதிரே கட்டடம். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் அவர். கையில் அட்டை, அட்டையில் தாள், காதில் பேனா. கைக்குழந்தையோடு ஒருத்தி மெல்ல நடந்தாள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஒரு குடும்பம் விமானத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டது. அவர் யாரையும் விரட்டவில்லை. ஒவ்வொருவர் உள்ளே நுழையும்போதும் உதடு அசைந்தது. தலையை எண்ணுகிறார் என்று புரிந்தது. எண்ணி முடித்தவர் முகத்தைச் சுளித்தார். மேற்கு வெயில் கண்ணில் அடிக்க, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"அம்மா! அங்கெல்லாம் நிக்கக் கூடாது! உள்ள வாங்க! உங்க ஒருத்தருக்காகத்தான் நேரத்தைக் குறிக்காம நிக்கிறேன்!"

நான் நடந்து போனேன். "எந்த நேரத்தைக் குறிக்காம நிக்கிறீங்க?"

குரலைக் கேட்டதும் காதிலிருந்த பேனா கீழே விழுந்தது. "நீயா?"

"நானேதான். எந்த நேரம்னு கேட்டேன்."

"சேர்ந்த நேரம். வேற எது? ஆமா, நீ எங்க இங்க? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவ நல்லா இருக்கா. வண்டி சேர்ந்து பத்து நிமிஷம் ஆச்சுங்க!"

"வண்டி சேர்ந்துச்சு. ஆளு சேரலியே. நீ வெளியிலல்ல நிக்கிறே?"

சொல்லிக்கொண்டே என்னைக் கதவுக்கு உள்ளே இழுத்தார். பேனாவை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, 5.43 என்று எழுதினார். எழுதி அடிக்கோடும் போட்டார்.

"தினமும் இப்படித்தான் எழுதறீங்களா?"

"பின்னே? கடைசி ஆள் உள்ள வந்ததும்தான் எழுதுவேன். ஒரு நாள்கூடத் தப்பினதில்ல."

"கட்டை வெச்ச நேரத்தை எழுதணுங்க!"

"கட்டைன்னு எங்க போட்டிருக்கு? சேர்ந்த நேரம்னு போட்டிருக்கு. நீயே பாரு." தாளை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "படியில எறங்கும்போது ஒருத்தர் தடுக்கி விழுந்துட்டா, அவரு வந்து சேர்ந்துட்டாருன்னு நான் முன்னாடியே எழுதி வெச்சது பொய்யாயிடாதா? நான் ஞாயித்துக்கிழமை கெளம்பி வந்தா நீ ஃபோன் போட்டு என்ன கேப்பே? போய்ச் சேர்ந்தீங்களான்னு கேப்பே. ரோட்டுல நின்னுக்கிட்டு சேர்ந்துட்டேன்னு சொல்லுவேனா? ரூம் கதவைத் தெறந்து உள்ள போயிட்டுத்தானே சொல்லுவேன்?"

அவர் சொல்வது தமிழில் சரி. ஒரு மனுஷன் போய்ச் சேர்ந்தான் என்றால் வாசலில் நின்றான் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவருக்கு முன்னால் இங்கே இருந்தவர் கட்டை வைக்கிற வேலையிலிருந்து மேலே வந்தவர். அவருக்குத் தாளில் என்ன போட்டிருந்தாலும் கை கட்டை நேரத்தைத்தான் எழுதும். இவர் டிக்கெட் பிரிவிலிருந்து வந்தவர். பயணிகளைப் பார்த்தே பழகிய கண். இதைவிடப் பெரிய வினை இன்னொன்று இருக்கிறது. 'சேர்ந்த நேரம்' என்று இரண்டே சொல்லில் அந்தத் தாளை எழுதி அச்சுக்கு அனுப்பியது யார் தெரியுமா? நான்தான்.

அவர் அறை ஒரு பூட்டுக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு வருஷத்தில் நான் அங்கே வந்ததே இல்லை. அவர்தான் வாரா வாரம் வருகிறாரே என்று இருந்துவிட்டேன். ஒரு கட்டில், ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். சட்டைகளை வரிசையாக மாட்டியிருந்தார். மூலையில் ஒரு நாற்காலி, வாங்கிய பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் நின்றது.

"இது எதுக்கு?"

"நீ ஒரு நாளைக்கு வருவேன்னு வாங்கினேன்." உறையைப் பரபரவென்று கிழித்தார். "உக்காரு."

அதில் உட்காரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக எல்லோருக்கும் தூரத்தையும் நேரத்தையும் சொல்கிறவள், ஒரு மணி மூன்று நிமிஷ தூரத்தில் இருந்த புருஷனின் அறையை ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. அதை அவரிடமே சொன்னேன். வேலை இருந்திருக்கும், விடு என்றார். எனக்கு விட முடியவில்லை.

பிறகு திங்கட்கிழமை கூட்டத்திலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தரையில் பரப்பிய தாள்கள், காற்று, ஒன்பது பேர், அறுபத்தாறு பேர், கட்டை, கதவு. அவர் தட்டில் எனக்குச் சோறு போட்டுவிட்டு, பாத்திர மூடியில் தனக்குப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பாதியில் கை நின்றுவிட்டது.

"இரு இரு. நான் தள்ளி எழுதினேன். அதைப் பாத்துட்டு நீ அஞ்சு நிமிஷம் கூட்டினே."

"ஆமா."

"அதனால விமானம் இங்க தங்கிச்சு. அதனால நான் இங்க தங்கினேன்."

"ஆமா."

"அப்ப என்னை இங்க தங்க வெச்சது..."

"நாமதான். வேற யாருமில்ல. நீங்க எழுத, நான் கூட்ட, ரெண்டு பேருமாச் சேர்ந்து சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டோம். காத்து மேல பழியைப் போட்டோம்."

அவர் மூடியைத் தரையில் வைத்தார். எனக்குக் கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். கோபம்தான் எனக்கு எப்போதும் முதலில் வரும். அன்று வந்தது சிரிப்பு. முதலில் நான் ஆரம்பித்தேன், பிறகு அவர். கீழே பூட்டுக் கடைக்காரர் என்ன ஆச்சோ என்று படியேறி வந்து கதவைத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒண்ணுமில்லீங்க என்று சொல்லி அனுப்பினோம். கண்ணில் வந்ததெல்லாம் சிரிப்பால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் யார் தப்பு என்று ஒரு தகராறு. எழுதினது நான், தப்பு என்னுது, பொது மேலாளருக்கு நானே கடிதம் எழுதறேன் என்றார் அவர். தாள் என்னுது, புரியுற மாதிரி போடாதது என் தப்பு என்றேன் நான். அது ஆபீஸ் தகராறு, வீட்டுக் கணக்கில் சேராது. கடைசியில் ஆளுக்கொரு கடிதம் எழுதினோம். காலை ஏழு மணி விமானத்தில் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பொது மேலாளர் இரண்டு கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பேரும் நான்தான் தப்பு, நான்தான் தப்புன்னு எழுதியிருக்கீங்க. கல்யாணம் ஆகி இருபது வருஷமாச்சுன்னு சொன்னீங்க, நம்பவே முடியல."

இன்ஜினியர் சிரித்தார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். கேப்டனின் ஏடு அன்று காலைதான் வந்திருந்தது. எட்டு வாரத்துக் கணக்கைப் பொது மேலாளர் முன்னால் வைத்தேன். போக ஒரு மணி மூன்று, வர ஒரு மணி இரண்டு. மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்பது மாதம், ஒன்பது மாதம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

"விமானம் இங்க தங்கினா உங்க வீட்டுக்காரர் தினமும் வீட்டுக்கு வருவாரு. அது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்கம்மா."

"தெரியணும்னுதான் சார் ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். 'இந்தத் திருத்தத்தால் எனக்குச் சொந்த லாபம் உண்டு. எனவே கணக்கை வேறு ஒருவரும் சரிபார்க்கவும்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், இன்ஜினியர் பக்கம் தாள்களைத் தள்ளினார்.

"நீங்க கூட்டிப் பாருங்க."

இன்ஜினியர் கூட்டினார். அவ்வளவு மெதுவாகக் கூட்டுகிற ஒருவரை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பிடுங்கி நானே கூட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. கடைசியில், "சரியா இருக்கு சார்" என்றார்.

"ஒரு மணி மூணா?"

"ஒரு மணி நாலுன்னு போடறேன் சார்" என்றேன். "ஒரு நிமிஷம் கையில இருக்கட்டும். அஞ்சு முப்பத்து நாலுக்குப் போகும். அஞ்சு அம்பத்தொம்போதுக்குக் கெளம்பும்."

"ஒரு நாள் ரெண்டு நாள் தப்பிப் போனா?"

"தப்பிப் போற அன்னிக்கு வண்டியும் அங்க தங்கட்டும், பயணிகளுக்கு ரூம் போடுவோம், எங்க வீட்டுக்காரரும் அங்க தங்கட்டும். அது காத்து செய்யுற தப்பா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மேலாளர் கையெழுத்துப் போட்டார். சாமான் எங்கேயும் போகவில்லை. தாளில் 'சேர்ந்த நேரம்' என்பதை அடித்துவிட்டு 'கட்டை வைத்த நேரம்' என்று மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். அந்த ஊரிலிருந்து அன்றே ஃபோன் வந்தது, ஆட்கள் உள்ளே வந்து சேர்ந்ததைக் குறிக்கவும் தனியாக ஒரு கட்டம் வேண்டுமாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால்! சரி போகட்டும் என்று அதையும் போட்டுக் கொடுத்தேன்.

மாதம் பிறந்தது. திங்கட்கிழமை இரவு ஏழரைக்கு அவர் வீட்டு வாசலில் நின்றார். செவ்வாய்க்கிழமையும் நின்றார். இரண்டு வருஷமாக வாரத்துக்கு ஒரு நாள் வந்து போனவர் அல்லவா, பழக்கம் விடவில்லை. துண்டை மடித்துக் கொடியில் போட்டார். டம்ளரைக் கழுவி, இதை எங்க வெக்கட்டும் என்று கேட்டார். நானும் அப்படித்தான், வெந்நீர் போடட்டுமா, தலையணை சரியா இருக்கா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு ராத்திரி வருகிறவரிடம் சண்டை போட்டு அந்த ராத்திரியை வீணாக்க எனக்கு மனசு வந்ததே இல்லை. இரண்டு வருஷமாக நாங்கள் சண்டையே போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் பார்த்தவர்கள் ஆதர்ச தம்பதி என்று சொல்லியிருப்பார்கள். உண்மையில் விருந்தாளியும் வீட்டுக்காரியுமாகத்தான் இருந்திருக்கிறோம்.

வியாழக்கிழமை காலை எழுந்து பார்க்கிறேன், ஈரத் துண்டு படுக்கையில் கிடக்கிறது. நான் துவைத்து விரித்த விரிப்பு, நடுவில் பெரிய ஈரம்.

"ஏங்க! கொடின்னு ஒண்ணு எதுக்குங்க கட்டி வெச்சிருக்கேன்?"

"அவசரத்துல போட்டுட்டேன். ஒரு துண்டுக்கு எதுக்கு இந்தக் கத்தல்?"

"ஒரு துண்டா? நேத்து சாக்ஸ் எங்க கிடந்துச்சுன்னு சொல்லட்டுமா?"

"அடுப்படியில நீ வெச்ச டப்பாக்களைப் பத்தி நான் ஏதாவது சொன்னேனா? சர்க்கரைன்னு எழுதின டப்பாவுல உப்பு! ரெண்டு நாளா உப்புக் காப்பி குடிச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!"

"மூடிக்கிட்டே இருந்திருக்கலாமே!"

குரல் ஏறியது. அவரும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. டப்பாவிலிருந்து சாக்ஸுக்குப் போனோம், சாக்ஸிலிருந்து அவருடைய அண்ணன் கல்யாணத்துக்குப் போனோம், அங்கிருந்து எங்கெங்கோ போனோம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று இருவருக்கும் தெரியும், ஆனால் விட மனசில்லை.

திரும்பிப் பார்த்தால் மகள் அறை வாசலில் நிற்கிறாள். வாயில் பல் தேய்க்கிற பிரஷ். நுரையோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். கண் மட்டும் நனைந்திருக்கிறது.

"என்னடி சிரிப்பு?" என்று அவள் மேலேயும் பாய்ந்தேன்.

அவள் பிரஷை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணுமில்லம்மா. அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு."